ஃபாஃப்சா நிரப்பும் முன்: அமெரிக்கக் கல்லூரி நிதியுதவிச் சட்டம், புதிதாக வந்தவர்களுக்கு

பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனதும் பள்ளியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். நாங்கள் இருக்கும் டெக்சாஸில் அது கொஞ்சம் கறாராகவே வரும். ஃபாஃப்சா நிரப்புங்கள், அல்லது நிரப்ப விருப்பமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பள்ளிப் படிப்பை முடிக்க இரண்டில் ஒன்று வேண்டும் என்பார்கள். எங்கள் மூத்தவளுக்கு அது வந்த அன்று, "நமக்கெல்லாம் யாரு தரப்போறாங்க, கையெழுத்தைப் போட்டு அனுப்பிடு" என்றார் என் கணவர். நான் போடவில்லை. அன்றிலிருந்து இரண்டு பிள்ளைகளுக்காக அந்தப் படிவத்தோடு மல்லுக்கட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து மற்ற அம்மாக்களுக்கும் நிரப்ப உதவியாயிற்று. அதில் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

ஃபாஃப்சா என்பது மத்திய அரசின் மாணவர் நிதியுதவிக்கான விண்ணப்பம். முதல் எழுத்து 'இலவசம்' என்பதைக் குறிக்கிறது. நிரப்பித் தருகிறோம், நூறு டாலர் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அரசுத் தளத்தின் முகவரி டாட் கவ் என்று முடியும்.

பின்னால் இருக்கும் சட்டம்

எல்லாவற்றுக்கும் மூலம் 1965-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம். ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அதில் வாஷிங்டனில் கையெழுத்திடவில்லை. ஆஸ்டினிலிருந்து சான் அன்டோனியோ போகிற வழியில் சான் மார்கஸ் என்று ஓர் ஊர் வரும். தான் படித்த அந்த ஊர்க் கல்லூரிக்கே வந்து, அந்த ஆண்டு நவம்பர் 8 அன்று கையெழுத்துப் போட்டார். வேலை செய்துகொண்டே படித்த மனிதர் அவர். அந்தச் சட்டத்தின் நான்காம் பகுதிதான் மாணவர் நிதியுதவி. கல்லூரி அலுவலகத்தில் 'டைட்டில் ஃபோர்' என்று காதில் விழுந்தால் அது இதுதான்.

அறுபது வருடத்தில் அதைப் பலமுறை திருத்தியிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியவை மூன்று. 1972-இல் வந்த மானியம், பின்னாளில் அதற்காக உழைத்த செனட்டர் கிளெய்போர்ன் பெல் பெயரால் பெல் கிராண்ட் ஆனது. 2020 டிசம்பரில் வந்த திருத்தம் படிவத்தையும் கணக்கையும் மாற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 2024-25 கல்வியாண்டில். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் கடன் வரம்புகளை மாற்றியது. அதன் பெரும்பகுதி 2026 ஜூலை 1 முதல் அமலாகிறது. ஆகவே 2022-இல் பிள்ளையைச் சேர்த்த மாமா சொல்லும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, அவர் காலத்துச் சட்டம் வேறு.

நிதியுதவி அலுவலகத்துக்குப் போகும் நம்மவர்கள் பலர் ரேஷன் கடையில் நிற்பது போல நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் தன் இஷ்டத்துக்கு மத்திய அரசுப் பணத்தைக் கொடுப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. சூத்திரம் சொல்வதைத்தான் செய்ய முடியும். ஓரிரு இடங்களில் மட்டும் சட்டமே அவர் கையில் முடிவை விட்டிருக்கிறது. அந்த இடங்களில் நாம் வாய் திறந்து கேட்க வேண்டும். மற்ற இடங்களில் கெஞ்சிப் பயனில்லை. தாள் சரியாக இருந்தால் போதும்.

முதல் கேள்வி: பிள்ளையின் அந்தஸ்து என்ன?

பெற்றோரின் விசா அல்ல, மாணவரின் அந்தஸ்துதான் கணக்கு. இங்கே பிறந்த பிள்ளை என்றால் அமெரிக்கக் குடிமகன். அப்பா ஹெச்-1பி வேலை விசா, அம்மா அதைச் சார்ந்த ஹெச்-4 என்றாலும் பிள்ளைக்குத் தகுதி உண்டு. கிரீன் கார்டு உள்ள பிள்ளைக்கும் உண்டு. அகதியாக வந்தவர்கள், அடைக்கலம் வழங்கப்பட்டவர்கள் போன்ற சில பிரிவினருக்கும் உண்டு. இலங்கையிலிருந்து வந்து இங்கே அடைக்கலம் பெற்ற குடும்பங்கள் இதைத் தெரியாமலே விட்டுவிடக் கூடாது. விண்ணப்பித்திருந்தால் மட்டும் போதாது, அடைக்கலம் வழங்கப்பட்டிருக்க வேண்டும்.

எஃப்-1, ஹெச்-4, எல்-2, ஜே-1 விசாவில் இருக்கும் மாணவருக்கு மத்திய அரசுப் பணம் கிடையாது. கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஆகிவிட்டது, ஐ-485 விண்ணப்பமும் போட்டாகிவிட்டது, கைரேகையும் கொடுத்தாகிவிட்டது என்று வராந்தாவில் சொல்வார்கள். அதெல்லாம் போதாது. கார்டு வந்திருக்க வேண்டும். மூன்று வயதில் இங்கே வந்து, இந்தியாவை இரண்டு கோடை விடுமுறையில் மட்டும் பார்த்த பையன், கிரீன் கார்டு வரிசை நகராததால் ஹெச்-4-இலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறான். அவன் வகுப்புத் தோழர்கள் எல்லோரும் ஃபாஃப்சா பற்றிப் பேசும்போது இவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். இதில் நியாயம் தேடாதீர்கள். அந்தப் பையன்களுக்கு வழி வேறு பக்கம் இருக்கிறது: கல்லூரியே மதிப்பெண் பார்த்துத் தரும் ஸ்காலர்ஷிப், மாநிலத்துக்கு மாநிலம் மாறும் உள்ளூர்க் கட்டண விதி, கிரீன் கார்டு உள்ள ஒருவர் உடன் கையெழுத்துப் போடும் தனியார் கடன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். படிவம் "நீங்கள் அமெரிக்கக் குடிமகனா" என்று கேட்கும் இடத்தில், "ஆம் என்று போட்டால் என்ன ஆகிவிடும், பார்க்கலாமே" என்று ஒரு அப்பா என்னிடம் கேட்டார். பணம் வராது என்பது சின்ன விஷயம். குடிமகன் அல்லாதவர் தன்னைக் குடிமகன் என்று சொல்லிக்கொள்வது குடிவரவுச் சட்டத்தில் மிகப் பெரிய குற்றம். பின்னால் கிரீன் கார்டே கிடைக்காமல் போகும் அளவுக்கு அது துரத்தும். தெரியாமல் ஏற்கெனவே போட்டிருந்தால், முதல் போன் குடிவரவு வக்கீலுக்கு.

எதிர்ப் பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அப்பாவோ அம்மாவோ குடியுரிமை பெற்றபோது, கிரீன் கார்டுடன் அவர்களோடு வசிக்கும் பதினெட்டு வயது ஆகாத பிள்ளையும் தானாகவே குடிமகன் ஆகிவிடுகிறது. ஆனால் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தின் பதிவேட்டுக்கு அது தெரியாது. பிள்ளை ஃபாஃப்சாவில் சரியாகவே 'குடிமகன்' என்று போடும்; கணினி 'உறுதி செய்ய முடியவில்லை' என்று திருப்பும். பயப்பட வேண்டாம். பிள்ளையின் அமெரிக்க பாஸ்போர்ட்டைக் கல்லூரி அலுவலகத்தில் காட்டினால் தீர்ந்தது. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கும் ஒருநாள் போய்ப் பதிவைத் திருத்திவிட்டு வாருங்கள்.

கணக்குத் திறப்பது

மாணவருக்கு ஒரு கணக்கு, பெற்றோருக்கு ஒரு கணக்கு. இரண்டுக்கும் வேறு வேறு மின்னஞ்சல், வேறு வேறு கைபேசி எண். நான் முதல் தடவை வீட்டுக்குப் பொதுவாக வைத்திருந்த மின்னஞ்சலையே இரண்டுக்கும் கொடுத்துவிட்டு, ஏன் ஏற்கவில்லை என்று ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். பிள்ளையின் பள்ளி மின்னஞ்சலையும் கொடுக்காதீர்கள். பள்ளி முடிந்ததும் அதை மூடிவிடுவார்கள்.

அடுத்தது பெயர். நமக்கே உரிய தலைவலி இது. இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கியவர்கள், ஒற்றைப் பெயரோடு வந்து விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சாகி, கடைசிவரை அதைச் சுமப்பவர்கள், பாஸ்போர்ட்டில் ஒன்றும் லைசென்ஸில் ஒன்றுமாக வைத்திருப்பவர்கள். ஃபாஃப்சா பார்ப்பது சோஷியல் செக்யூரிட்டி பதிவில் உள்ள பெயரை மட்டும்தான். அந்த நீல அட்டையை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டு, அதில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். 'செந்தில்குமார்' ஒரே சொல்லா, இரண்டா என்பதில்கூட அட்டை சொல்வதுதான் தீர்ப்பு.

பிறந்த தேதியில் மாதம் முதலில், நாள் அப்புறம். ஆகஸ்ட் 5-ஐ 05/08 என்று கை பழக்கத்தில் போட்டால் மே 8 ஆகிவிடும். பள்ளியில் சேர்க்க வாத்தியார் ஜூன் மாதத்தில் போட்டுக் கொடுத்த பிறந்த தேதியோடு வாழும் தலைமுறை நாம். வீட்டில் பாயசம் வைக்கும் தேதி இங்கே செல்லாது.

சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத பெற்றோரும் கணக்குத் திறக்கலாம். கணவன் மனைவி சேர்ந்து ஒரே வரிக்கணக்குத் தாக்கல் செய்திருந்தால் இருவரில் ஒருவர் மட்டும் கணக்குத் திறந்தால் போதும். எண் உள்ளவர் திறப்பது சுலபம்.

படிவம்

மாணவர் தன் கணக்கில் நுழைந்து ஆரம்பித்து, பெற்றோரை அழைக்கிறார். பெற்றோர் தங்கள் கணக்கில் நுழைந்து தங்கள் பகுதியை நிரப்புகிறார்கள். இதை எழுதும்போது சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பா பிள்ளையின் கணக்கில் உட்கார்ந்து, 'உங்கள் வருமானம்' என்று கேட்ட இடத்தில் தன் சம்பளத்தைப் போட்டு, மாணவரே வருடம் ஒன்றரை லட்சம் டாலர் சம்பாதிப்பதாக ஆன படிவத்தை நானே பார்த்திருக்கிறேன். 'நீங்கள்' என்றால் யார் கணக்கில் இருக்கிறோமோ அவர். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

"பிள்ளை தனியாக வீடு எடுத்து இருக்கிறான், வரியும் தனியாகக் கட்டுகிறான், எங்கள் வருமானம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் அதைப் பார்ப்பதில்லை. பொதுவாக 24 வயது ஆகும்வரை மாணவர் பெற்றோரைச் சார்ந்தவர்தான். திருமணம், ராணுவச் சேவை, முதுகலைப் படிப்பு, பதின்மூன்று வயதுக்குப் பின் பெற்றோர் இருவரையும் இழந்தது போன்ற சில காரணங்களால் மட்டுமே அது மாறும். வருமான வரித்துறையிலிருந்து கணக்கை நேரடியாக எடுத்துக்கொள்ள ஒப்புதல் கேட்கும். மாணவரும் பெற்றோரும் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும், வரி கட்டாதவர்களும்தான். தராவிட்டால் மத்திய அரசு உதவி இல்லை, அவ்வளவுதான்.

எடுத்துக்கொள்வது இரண்டு வருடம் முந்தைய வருமானம். 2026-27 படிப்புக்கு 2024-ஆம் ஆண்டின் வரிக்கணக்கு. பெற்றோரின் வேலை போயிருந்தாலும் படிவம் பழைய சம்பளத்தையே பார்க்கும். அதற்கு வழி உண்டு, பின்னால் சொல்கிறேன்.

சொத்துதான் நம்மவர்கள் தடுமாறும் இடம். குடியிருக்கும் வீடு கணக்கில் வராது. 401கே போன்ற ஓய்வூதியச் சேமிப்பும் வராது. ஆனால் வேளச்சேரியில் வாடகைக்கு விட்டிருக்கும் ஃபிளாட் வரும். அது இந்தியாவில்தானே இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. படிவம் நாடு பார்த்துக் கேட்பதில்லை. இன்று விற்றால் என்ன கிடைக்குமோ அதில் பாக்கிக் கடனைக் கழித்து, டாலரில் போட வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் உங்கள் பெயரில் நிலம் இருந்தால் அதுவும் அப்படியே. 2026-27 முதல் குடும்பப் பண்ணைக்கு விலக்கு உண்டு, ஆனால் குடும்பம் அந்தப் பண்ணையிலேயே குடியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். இங்கே உட்கார்ந்துகொண்டு ஊரில் குத்தகைக்கு விட்ட நிலம் அதில் சேராது. மளிகைக் கடை, மோட்டல் நடத்துபவர்களுக்கு இது நல்ல செய்தி: நூறு பேருக்கு மேல் வேலைக்கு இல்லாத, குடும்பத்தின் கையில் இருக்கும் தொழிலின் மதிப்பும் அதே ஆண்டு முதல் கணக்கில் வராது. தாத்தா பெயரிலேயே இருக்கும் பாகம் பிரிக்காத நிலம் உங்கள் சொத்து அல்ல, அதைப் போடாதீர்கள்.

சொத்தைப் போட்டால் எல்லாம் போய்விடும் என்று பயப்படுவதும் அதிகப்படி. கடன் போக 80,000 டாலர் மதிப்புள்ள ஃபிளாட் என்று வையுங்கள். பெற்றோர் சொத்தில் அதிகபட்சம் 5.64 சதவீதம்தான் எடுத்துக்கொள்வார்கள். அதாவது அந்த ஃபிளாட்டால், நீங்கள் கொடுக்கக்கூடியது என்று சூத்திரம் போடும் எண் 4,512 டாலருக்கு மேல் ஏறாது. அதே பணம் பிள்ளை பெயரில் வங்கியில் இருந்தால் 20 சதவீதம், 16,000 டாலர். பாட்டி பேரன் பெயரில் போட்டு வைக்கும் பணத்தைப் பற்றி இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். வருமானம் 60,000 டாலருக்குள், வரிக்கணக்கும் எளிமையானது என்றால் சொத்துக் கேள்வியே வராது.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்துக்குப் படிவத்தில் இடமே கிடையாது. இங்கே உங்களோடு வசித்து, செலவில் பாதிக்கு மேல் நீங்களே பார்த்துக்கொள்ளும் பெரியவர்களைக் குடும்ப எண்ணிக்கையில் சேர்க்கலாம். தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 டாலர் வரை அபராதம், சிறையும் உண்டு என்று கையெழுத்துப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

படிவம் வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். மத்திய அரசின் கடைசித் தேதி கல்வியாண்டு முடியும் ஜூன் 30 வரை நீள்கிறது. அதை நம்பி உட்காராதீர்கள். மாநிலத் தேதியும் கல்லூரித் தேதியும் முன்னதாகவே வரும். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு வழக்கமாக ஜனவரி 15, கலிபோர்னியாவில் மார்ச் 2. பணம் தீர்ந்தபின் தகுதி இருந்தும் பயனில்லாத மானியங்கள் உண்டு. ஒரே படிவத்தில் 20 கல்லூரிகள் வரை சேர்க்கலாம். சில தனியார் கல்லூரிகள் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்று இன்னொரு படிவமும் கேட்கும். அது அரசுப் படிவம் அல்ல, கேள்வி அதிகம், குடியிருக்கும் வீட்டையும் விடாது.

எஸ்ஏஐ என்ற எண்

அனுப்பிய பிறகு ஓர் எண் வரும்: எஸ்ஏஐ, அதாவது 'ஸ்டூடன்ட் எய்ட் இண்டெக்ஸ்'. இது நீங்கள் கட்ட வேண்டிய தொகை அல்ல. வரிசைப்படுத்த உதவும் ஓர் அளவுகோல். கீழே மைனஸ் 1,500 வரை போகும். எண் குறையக் குறைய உதவி கூடும். கல்லூரியின் மொத்தச் செலவிலிருந்து இந்த எண்ணைக் கழித்தால் வருவதுதான் உங்கள் 'தேவை'. முன்பெல்லாம் ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் இருந்தால் பெற்றோரின் பங்கை இரண்டாகப் பிரிப்பார்கள். 2024-இல் எங்கள் இளையவன் சேர்ந்த அதே வருடம் அதை எடுத்துவிட்டார்கள். நேரம் என்றால் இதுதான் நேரம்.

பெல் கிராண்ட் திருப்பிக் கட்ட வேண்டாத பணம். 2025-26-இல் அதிகபட்சம் 7,395 டாலர். பெற்றோர் இருவரும் இருக்கும் குடும்பத்தின் வருமானம் வறுமைக்கோட்டின் 175 சதவீதத்துக்குள் இருந்தால் முழுத் தொகை. ஒற்றைப் பெற்றோர் என்றால் 225 சதவீதம் வரை. ஐடி சம்பளக்காரர் வீட்டுக்குப் பெரும்பாலும் வராது. அப்படியானால் எதற்கு நிரப்புவது? மத்திய அரசுக் கடனுக்கு இதே படிவம்தான் வாசல், வருமான உச்சவரம்பும் இல்லை. நாளை வேலை போனால் மறுகணக்கு கேட்கவும் கோப்பில் இந்தப் படிவம் இருக்க வேண்டும்.

கடிதத்தைப் படிப்பது

மார்ச், ஏப்ரலில் கல்லூரியிலிருந்து 'வாழ்த்துகள்' என்று ஆரம்பிக்கும் கடிதம் வரும். உதாரணத்துக்கு ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். மொத்தச் செலவு 32,000 டாலர். கல்லூரி மானியம் 6,000. சப்சிடைஸ்டு லோன் 3,500. அன்சப்சிடைஸ்டு லோன் 2,000. வொர்க் ஸ்டடி 2,500. பேரண்ட் பிளஸ் 18,000. கீழே கொட்டை எழுத்தில்: நீங்கள் கட்ட வேண்டியது 0.

பேனாவை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதுங்கள். மானியம், இனாம். சப்சிடைஸ்டு, கடன், படிக்கும்வரை வட்டியை அரசு கட்டும். அன்சப்சிடைஸ்டு, கடன்; பணம் கைக்கு வந்த நாளிலிருந்து வட்டி ஓடும். பேரண்ட் பிளஸ், உங்கள் தலையில் ஏறும் கடன். ஆக 32,000-இல் இனாம் 6,000 மட்டும்தான்.

வொர்க் ஸ்டடியில் நாங்கள் ஏமாந்தோம். மூத்தவளின் முதல் பில் வரும்போது அந்தத் தொகையை அவர்களே கழித்துக்கொள்வார்கள் என்று நினைத்து அதைத் தவிர்த்து எடுத்து வைத்திருந்தோம். அது முன்பணம் அல்ல, சம்பளம். பிள்ளை முதலில் வேலை தேட வேண்டும், நூலகத்திலோ ஆய்வகத்திலோ மணிக்கணக்குப் போட்டு உழைக்க வேண்டும், அப்புறம்தான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவள் கணக்குக்கு வரும். ஆகஸ்ட் மாதத்தில் 1,250 டாலர் துண்டு விழுந்தது. அந்த வாரம் கிரெடிட் கார்டு காப்பாற்றியது.

கடிதத்தில் உள்ள எல்லாவற்றையும் ஏற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மானியத்தை வைத்துக்கொண்டு கடனை மறுக்கலாம், பாதியாகவும் வாங்கலாம். ஒரு கல்லூரிக் கடிதத்தை இன்னொன்றோடு ஒப்பிடும்போது இனாம் வரியை மட்டும் ஒப்பிடுங்கள்.

கடன்

பெற்றோரைச் சார்ந்த மாணவர் தன் பெயரில் முதல் வருடம் 5,500 டாலர், இரண்டாம் வருடம் 6,500, அப்புறம் வருடம் 7,500 வரை வாங்கலாம். மொத்தம் 31,000-ஐத் தாண்ட முடியாது. பிள்ளையின் கிரெடிட் ஸ்கோர் பார்ப்பதில்லை, உடன் கையெழுத்தும் கேட்பதில்லை. வாங்கும் முன் ஆன்லைனில் ஒரு பாடம் படித்து, கடன் உறுதிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். வட்டியை ஒவ்வொரு மே மாதமும் அரசின் பத்து வருடக் கடன்பத்திர ஏலத்தை வைத்து நிர்ணயிக்கிறார்கள். வாங்கிய கடனுக்கு அது கடைசிவரை மாறாது. 2025-26-இல் இளங்கலைக்கு 6.39 சதவீதம். மேலே சொன்ன 2,000 டாலருக்கு வருடம் சுமார் 128 டாலர், நான்கு வருடத்தில் 500 டாலருக்கு மேல். பிள்ளை மாதம் பத்துப் பதினோரு டாலர் கட்டிக்கொண்டே வந்தால் இது சேராது. எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம்.

கடனிலிருந்து 1.057 சதவீதம் கட்டணமாகப் பிடித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். ஒரு செமஸ்டருக்கு 2,750 வர வேண்டிய இடத்தில் சுமார் 2,721 வரும். யாரும் திருடவில்லை.

பேரண்ட் பிளஸ் விஷயத்தில் நிதானம் வேண்டும். 2025-26-இல் வட்டி 8.94 சதவீதம், கட்டணமும் நான்கு சதவீதத்துக்கு மேல். 2026 ஜூலை 1 முதல் ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 என்று புதிய வரம்பு. அதே நாளிலிருந்து முதுகலை மாணவருக்கான கிராட் பிளஸ் கடன் புதியவர்களுக்கு இல்லை. ஏற்கெனவே கடன் வாங்கிப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சில வருட அவகாசம் உண்டு.

ஹெச்-1பி பெற்றோர் கவனிக்க வேண்டியது: உங்கள் பிள்ளை குடிமகனாக இருந்தாலும் பேரண்ட் பிளஸ் வாங்க நீங்களும் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். உங்களுக்குக் கிடையாது. அந்தக் காரணத்தைச் சொல்லி, பிள்ளையின் பெயரிலேயே கூடுதல் அன்சப்சிடைஸ்டு கடன் கேட்கலாம். முதல் இரண்டு வருடமும் 4,000 டாலர் வரை. அலுவலகம் தன் முடிவால் அனுமதிக்கக்கூடிய இடங்களில் இது ஒன்று. அவர்களாக எடுத்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வேலை போனால்

நிதியுதவி அலுவலருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் இன்னோர் அதிகாரம், தனிச் சூழ்நிலை பார்த்துக் கணக்கை மாற்றுவது. 'புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட்' என்பார்கள். வேலை இழப்பு, விவாகரத்து, பெற்றோர் மரணம், காப்பீடு ஏற்காத பெரிய மருத்துவச் செலவு போன்றவை இதில் வரும். இப்படிப்பட்ட கோரிக்கைகளைப் பார்க்கவே மாட்டோம் என்று ஒரு கல்லூரி கொள்கை வைத்துக்கொள்ள முடியாது என்று 2020 திருத்தம் சொல்கிறது. முடிவு மட்டும் அவர்களுடையது. அதற்கு மேல் கல்வித்துறையில் அப்பீல் கிடையாது.

எங்கள் தெருவில் ஒருவருக்கு லே-ஆஃப் ஆனபோது அவர் மூன்று பக்கம் எழுதினார். கம்பெனிக்கு எத்தனை வருடம் உழைத்தேன், எப்படி நடத்தினார்கள் என்றெல்லாம். நாங்கள் அதை அரைப் பக்கமாக்கினோம். இந்தத் தேதியில் வேலை போனது. படிவத்தில் உள்ள 2024 வருமானம் இவ்வளவு. இந்த ஆண்டு இதுவரை வந்த சம்பளம், செவரன்ஸ் என்னும் வேலைநீக்க ஈட்டுத்தொகை, வேலையில்லா உதவித்தொகை இவ்வளவு. ஆண்டு முடிய எதிர்பார்ப்பது இவ்வளவு. இணைப்பு: வேலைநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு. அலுவலருக்குத் தேவை ஒரு பழைய எண்ணுக்குப் பதில் ஒரு புதிய எண், அதற்குச் சான்று. அழுகையைப் பதிவேட்டில் ஏற்ற அவருக்குக் கட்டம் இல்லை.

வந்த பணம் போகாமல் இருக்க

படிப்பில் 'திருப்தியான முன்னேற்றம்' காட்டாவிட்டால் மத்திய அரசுப் பணம் நிற்கும். மதிப்பெண் சராசரி 4-க்கு 2.0 வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. தெரியாதது வேகக் கணக்கு. பதிவு செய்த கிரெடிட்டில், அதாவது பாட அலகுகளில், சுமார் 67 சதவீதம் முடித்திருக்க வேண்டும். 15 கிரெடிட் எடுத்த பையன் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் ஆய்வகமும் சேர்த்து 6 கிரெடிட்டைப் பாதியில் விட்டால் 9/15, அதாவது 60 சதவீதம். விட்ட பாடம் மதிப்பெண் பட்டியலில் வெறும் 'டபிள்யூ'தான், சராசரியைத் தொடாது. ஆனால் வேகக் கணக்கில் விழும். அப்பீல் வழி உண்டு. உடல்நலக் குறைவோ குடும்பத்தில் இழப்போ காரணம் என்றால் அதற்கான தாளை அப்போதே வாங்கி வையுங்கள்.

செமஸ்டர் நடுவில் மொத்தமாக விலகுவது இன்னும் பெரிய அடி. 60 சதவீத நாட்கள் முடிவதற்குள் போனால், இருந்த நாட்களுக்கு உரிய பங்கு போக மீதி உதவியைத் திருப்ப வேண்டும். பாட்டிக்குச் சீரியஸ் என்று போன் வந்து, பதினைந்து வார செமஸ்டரின் ஐந்தாம் வாரத்தில் ஒரு பெண் மதுரைக்கு விமானம் ஏறினாள். யாரிடமும் சொல்லவில்லை, செமஸ்டர் முடியும்வரை திரும்பவும் முடியவில்லை. கிடைத்த உதவியில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே அவளுடையது என்று கணக்காகி, மீதிக்குக் கல்லூரி பில் அனுப்பியது. டிக்கெட் போடும் முன் நிதியுதவி அலுவலகத்துக்கும் பேராசிரியர்களுக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால், இரண்டு வாரம் போய்விட்டு வந்து தொடர வழி கேட்டிருக்கலாம்.

படிவம் வருடா வருடம் புதிதாக நிரப்ப வேண்டும். ஒருமுறை போட்டால் நான்கு வருடத்துக்கு ஓடும் என்று நினைத்து இரண்டாம் வருடம் விட்டவர்கள் வராந்தாவில் வருடத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள்.

கடைசியாக ஒரு சின்னத் தாள். பிள்ளை கல்லூரியில் சேர்ந்துவிட்டால், 1974-ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டப்படி அதன் பதிவுகள் அதன் உரிமை. ஃபெர்பா என்பார்கள். பில்லைக் கட்டுவது நீங்களாக இருந்தாலும், போன் செய்து கேட்டால் "மன்னிக்கவும், மாணவரிடம்தான் பேச முடியும்" என்பார்கள். "நான் அவளோட அம்மா" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. பெற்றோருக்குத் தகவல் தரலாம் என்று பிள்ளை கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் கல்லூரித் தளத்திலேயே இருக்கும். ஆகஸ்டில் தலையணை, ரைஸ் குக்கர், பருப்புப் பொடி டப்பா எல்லாம் காரில் ஏற்றுவதற்கு முந்தின நாள், வீட்டு மேஜையில் உட்கார வைத்து அதை முடித்துவிடுங்கள். போன பிறகு போனை எடுக்க மாட்டார்கள்.